பதினெட்டுப் பேர் இருந்த அறை

என் டியூஷன் அறை கதகதப்பானது என்று நாயுடுபுரத்தில் ஒரு பெயர் இருந்தது. வீட்டின் முன்னறைதான் அது. பத்தடிக்குப் பதினான்கடி. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. ஐப்பசி பிறந்ததும் அந்த ஜன்னலுக்குத் தடித்த பாலிதீன் தாளை வைத்து ஆணியடித்துவிடுவோம். இல்லாவிட்டால் மூன்று மணிக்கெல்லாம் மேகம் உள்ளே வந்து நோட்டுகள் நமுத்துப்போகும். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருந்தேன். காட்டேஜ் ஒன்றில் கழித்துப்போட்ட ரூம் ஹீட்டரை என் கணவர் கொண்டுவந்து பழுதுபார்த்து மூலையில் வைத்திருந்தார். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். சீசனில் வீடு தங்கமாட்டார்.

"வீட்டவிட இங்கதான் குளிரு தெரியலன்னு புள்ளைக சொல்லுதுங்க டீச்சர்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். எனக்கு அது பாராட்டு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். கணக்கும் அறிவியலும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பாயில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கொரோனா முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜன்னலைத் திற, தள்ளி உட்கார் என்று அப்போது சொன்னதையெல்லாம் ஊர் மறந்திருந்தது. நானும் மறந்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் எனக்கு இருமல் தொடங்கியது. மழைக்காலத்தில் இந்த மலையில் இருமாதவர்கள் கிடையாது. மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்தேன். கார்த்திகை போனது, மார்கழி போனது, இருமல் போகவில்லை. ரவிக்கைகள் தொளதொளத்தன. "டயட்ல இருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது சந்தோஷப்பட்டேன். சாயங்காலங்களில் உடம்பு சுட்டது. ஹீட்டர் பக்கத்தில் நிற்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

சூத்திரங்களை நான் உரக்கச் சொல்ல, பதினெட்டுப் பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் என் முறை. நடுவில் இருமல் வரும். முந்தானையை வாயில் வைத்து இருமிவிட்டு மறுபடி தொடங்குவேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. ஊருக்கு வெளியே வரிசை வீடுகளில் இருந்து நனைந்து நடந்து வருவாள். அவளுடைய ஆச்சி தாத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அம்மாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்களாம். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மா தோட்டங்களில் கேரட் பறிக்கவும் பூண்டு அறுவடைக்கும் கூலிக்குப் போகிறவர். தூரத்திலிருந்து நனைந்து வருகிறாளே என்று அவளுக்கு மட்டும் ஹீட்டருக்குப் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே இடம் கொடுத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் பொறாமைப்பட்டார்கள்.

மாசியில் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது எச்சிலில் ரத்தம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்து வெள்ளனே எழுந்ததும் வருகிற சளியை எடுத்துவரச் சொன்னார்கள். இரண்டு நாளில் டி.பி. என்று தெரிந்துவிட்டது.

அன்றே டியூஷனை நிறுத்தினேன். எனக்குத் தொண்டையில் புண், டாக்டர் பேசக்கூடாது என்கிறார் என்று எல்லோருக்கும் சொன்னேன். பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பெற்றோர்கள் கோபப்பட்டார்கள்.

டி.பி. பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். மாத்திரைகளைக் கொடுத்து, சிறுநீர் சிவப்பாகப் போகும் பயப்படாதீர்கள் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?"

"நானும் அவரும்தான்."

"வேற யாராச்சும் ஒங்ககூட ஒரே ரூம்ல ரொம்ப நேரம் இருந்தாங்களா? டியூஷன் எடுப்பீங்கன்னு சொன்னாங்களே."

"அது முன்னாடிங்க. நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு."

எனக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது. அதில் வட்டத்தின் பரப்பளவு இன்னும் அழியாமல் இருந்தது. மூலையில் பாய்கள் சுருட்டி வைத்திருந்தன. அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்.

அன்று மதியம் என் கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியைப் பிழிந்தபடி கேட்டார்: "அந்தப் புள்ளைக?"

"எக்ஸாம் முடியட்டும்" என்றேன்.

தேர்வு முடிந்தது. நான் சொல்லவில்லை. வாடகை வீடு, காலி செய்யச் சொல்வார்கள் என்று நினைத்தேன். டி.பி. டீச்சர் என்ற பெயர் வந்தால் இனி ஒரு பிள்ளையும் வராது என்று நினைத்தேன். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் மறுநாள் சொல்வதைக் கடினமாக்கியது. என் இருமல் நின்றுவிட்டது. எடை கூடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவதற்கு என் உடம்பே துணைக்கு வந்தது.

தேர்வு முடிவு வந்த மறுநாள் அந்தப் பெண் மிட்டாய் டப்பாவோடு வாசலில் நின்றாள். கணக்கில் அவள்தான் பதினெட்டுப் பேரில் முதல். நான் உள்ளே கூப்பிடவில்லை. மாத்திரை டப்பா மேஜைமேல் இருந்தது.

"உள்ள வரட்டா டீச்சர்?"

"வீடு கூட்டல கண்ணு. இங்கயே இரு."

ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டேன். அவள் முகம் வாடியிருந்தது. வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"தலவலி டீச்சர். ரெண்டு வாரமா விடவே இல்ல. காச்சலும் வந்து வந்து போகுது."

அது என்னவாக இருக்கலாம் என்று எனக்கு உடனே தோன்றியது. இன்றைக்கும் அந்தக் கணத்தை நான் மறந்ததாகச் சொல்லமுடியாது. ஆஸ்பத்திரிக்குப் போ, டி.பி. டெஸ்ட் எடுக்கச் சொல், நான் அனுப்பினேன் என்று சொல். அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

"கண்ணுல பவர் இருக்கும். டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள்.

ஆனி மாதம் மாத்திரை வாங்கப் போனபோது அந்த ஊழியர் சொன்னார். நாயுடுபுரம் பக்கத்துப் பெண் ஒன்று, பதினைந்து வயது, டி.பி. மூளைக்குப் போய்விட்டது, நினைவில்லாமல் மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "வீட்டுல யாருக்கும் டி.பி. இல்ல. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல" என்றார். நான் மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் அவள் இறந்துபோனாள். நான் சாவுக்குப் போகவில்லை.

என் மாத்திரைகள் ஆவணியில் முடிய வேண்டும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்திருந்தேன். அப்படியெல்லாம் ஒரு நாளைக் குறித்துத் துணிச்சல் வருவதில்லை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைக்க அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே பாத்திரத்தை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பெண்ணின் வீடு ஒரே அறை. சிலோன் வழக்கத்தில் அதைக் காம்பரா என்பார்கள். அவளுடைய அம்மா வெளியில் சாக்கை விரித்துப் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். பஜாரில் பூண்டு மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பாய் கடையிலிருந்து கூலிக்கு வாங்கிவந்தது.

"வாங்க டீச்சர். உள்ள வாங்க."

"இல்லைங்க. இங்கயே நிக்கிறேன்."

அதுவரை அவரை நான் வாம்மா, போம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவருக்கும் அந்த மரியாதை வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னேன். எனக்கு டி.பி. இருந்தது, அந்த அறையில் அவள் எனக்கு எதிரே நாலு மாதம் உட்கார்ந்திருந்தாள், கேட்க வந்தவரிடம் பொய் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழவில்லை.

அவர் கை பூண்டைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"எப்பத் தெரியும்?"

"மாசியில."

"மிட்டாய் குடுக்க வந்தாளே. அன்னைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தலவலின்னு சொன்னாளா?"

"சொன்னா."

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தூறல் விழுந்தது. பூண்டு நனையுமே என்று சாக்கோடு இழுத்துச் சுவரோரம் வைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கதவு திறந்தபோது அவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"அந்த ரூம்புல மொத்தம் எத்தன பேரு?"

"பதினெட்டு."

"மத்த பதினேழு பேரு வீட்டுக்கும் சொல்லியாச்சா?"

"இல்ல."

"நடங்க."

முதல் வீடு அந்தப் பூண்டுக்கடை பாயுடையது. அவர் மகனும் என்னிடம் படித்தவன். பாய் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தார். நான் பேசப் பேச அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"தெரியாம நடந்துருச்சு பாய்" என்றேன்.

பின்னால் நின்ற அந்த அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். "தெரிஞ்சுதான். தெரிஞ்சத சொல்லுங்க."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாய் கடைசிவரை கேட்டார். "இப்ப நான் எதுவும் பேசுனா தப்பா வந்துரும் டீச்சரம்மா. போயிருங்க" என்றார்.

நாலு நாள் ஆனது எல்லா வீட்டுக்கும் போக. அந்த அம்மா கூலி வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் எனக்குப் பின்னால் நின்றார். எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வீட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து என் காலடியில் ஊற்றினார்கள். ஒரு அப்பா உள்ளே பார்த்து, "ஏலே, அந்தப் பொம்பளைய மொதல்ல வெளிய போகச் சொல்லு" என்று கத்தினார். ஒரு அம்மா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமலேயே அழுதார். எங்கேயும் கத்தல் முற்றும்போது, எனக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியவரும். அதோடு சத்தம் அடங்கிவிடும். ஒரு வீடு பூட்டியிருந்தது. தேர்வு முடிந்ததும் ஊரைவிட்டே போய்விட்டார்களாம். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐந்தாம் நாள் டி.பி. பிரிவு ஊழியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பழைய தாளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த போர்ட நான் பாத்தேங்க. அழுத்திக் கேட்டிருக்கணும்" என்றார்.

பதினாறு பேரையும் பரிசோதித்தார்கள். ஒரு பையனுக்கு நோய் தொடங்கியிருந்தது. மற்றவர்களுக்கு வராமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். பையனின் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். என்னைக் கண்டால் பாதையின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் அந்த ஊழியர் பெற்றோர்களில் வர விரும்பியவர்களை என் வீட்டுக்கு வரச்சொன்னார். ஆறேழு பேர் வந்தார்கள். உள்ளே யாரும் உட்காரவில்லை. அவர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அறை நடுவில் பிடித்தார். கதவைச் சாத்தினார். புகை நேரே மேலே போய், எங்கள் தலை உயரத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. அப்படியே நின்றது.

"டீச்சர் விட்ட மூச்சும் இப்படித்தான் நின்னுருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார். பிறகு கதவைத் திறந்து, ஜன்னலில் பாலிதீன் தாளின் ஒரு மூலையைப் பிய்த்தார். புகை சாய்ந்து ஓடி வெளியே போனது.

அந்த அம்மா கேட்டார்: "எம்மக எங்க ஒக்காந்திருந்தா?"

ஹீட்டர் பக்கத்தைக் காட்டினேன். அவர் போய் அங்கே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்துபோய் மீதித் தாளையும் ஆணியோடு பிடுங்கி எறிந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நான் துணி கொண்டுவந்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று வந்தவர்களுக்குள்தான் பேச்சு தொடங்கியது. பிள்ளைகள் பிளஸ் ஒன் போய்விட்டார்கள், டியூஷன் இல்லாமல் முடியாது, ஆனால் எந்த டியூஷனும் இதே மாதிரி அறைதான். அந்த அம்மா சொன்னார்: "பாய் குடோன் மாடி சும்மாதான கெடக்கு. ரெண்டு பக்கமும் எடவெளி விட்டு மரப் பட்டியல் அடிச்ச ஜன்னலு. அங்க நாங்க பூண்டு பிரிக்கையில காத்து அள்ளிக்கிட்டுப் போகும்."

மேலே பூண்டி கிராமத்திலிருந்து வருகிற பூண்டு அழுகாமல் இருக்க அப்படிக் கட்டியிருந்தார்கள். சீசன் முடிந்தால் ஆறு மாதம் காலி. பாயிடம் அந்த அம்மாவே போய்க் கேட்டார். பாய் இரண்டு நாள் யோசித்தார். "எம் மகனும் ஒக்காரப் போறான்ல. எடுத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்தார். எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார். நான் பாடம் எடுக்கக்கூடாது.

ஆகவே ஆரம்பத்தில் நான் மாடியைக் கூட்டினேன். பிள்ளைகள் தாங்களாகவே படித்தார்கள். அந்த அம்மா உட்காரச் சாக்குகள் கொண்டுவந்தார். பெரிய பிளாஸ்க்கில் சாயத்தண்ணி போட்டுவந்தார். பாலில்லாத தேநீரை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஊழியர் வாரம் ஒருமுறை வந்து மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பார். ஒருநாள் கணக்கு ஒன்று யாருக்கும் வரவில்லை. பாயின் மகன் என்னைப் பார்த்தான். நான் அவன் அப்பாவைப் பார்த்தேன். அவர் மாடிப்படியில் நின்று பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லிக் குடுங்க. ஜன்னல் பக்கமா நின்னு சொல்லுங்க" என்றார்.

அதிலிருந்து மறுபடி டீச்சரானேன். முகக்கவசத்தோடு, வெளியே போகிற காற்றின் பக்கம் நின்று.

பாய் கடையில் ஊதுபத்திக்குக் குறைவில்லை. அந்த அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சில நாள் இன்னும் இரண்டு அம்மாக்கள் வருவார்கள். அங்கன்வாடி, சலூன், ஜெபக்கூட்டம் நடக்கும் ஹால், கம்ப்யூட்டர் சென்டர், மற்ற டியூஷன் வீடுகள். உள்ளே போய்க் கொளுத்திப் புகை எங்கே போகிறது என்று காட்டுவோம். நின்றால் எந்த ஜன்னலைத் திறக்கலாம், எதிரே எங்கே ஒரு ஓட்டை போடலாம் என்று பேசுவோம். வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினோம். யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அதில் போடுவார்கள். ஊரில் எங்களுக்கு ஊதுபத்திக் கோஷ்டி என்று பெயர் வைத்தார்கள்.

அங்கன்வாடிக்கார அம்மா திறந்தார். சலூன்காரர் கதவின் மேல்பலகையைக் கழற்றினார். ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர், "விண்டோ தொறந்தா பாட்டுச் சத்தம் வெளிய போகுதுன்னு கம்ப்ளெய்ன்ட் வருது சிஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொரு டியூஷன் டீச்சர் வாசலிலேயே நிறுத்தினார். "ஒங்க பொழப்பு போச்சுன்னு எம் பொழப்பையும் கெடுக்க வந்தீங்களா?"

அந்த அம்மா சொன்னார்: "இவங்க ரூம்புல ஒக்காந்துதான் எம் புள்ள செத்துச்சு. ஒங்க ரூம்பும் அப்பிடித்தான் இருக்கு. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டோம்."

அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

திரும்பி நடக்கும்போது அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "என்ன மன்னிச்சிட்டீங்களா?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "இல்ல. சோலி கெடக்கு. அதான் வர்றேன்."

மார்கழி வந்தது. பட்டியல் ஜன்னல்கள் வழியாக மேகம் உள்ளே வந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது. பிள்ளைகள் இரண்டு ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, மேலே கம்பளி என்று உட்கார்ந்தார்கள். விரல் விறைத்து எழுத்து கோணியது. நோட்டுகள் நமுத்தன. ஒரு பெண்ணுக்குச் சளி பிடித்துக் காய்ச்சலாகப் போனது. குழுவில் அவள் அம்மா எழுதினார்: நோய் வராமல் இருக்கக் குளிரில் சாகணுமா. பலர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள்.

ஹீட்டர் வைக்கலாம் என்று பாய் சொன்னார். வைத்தோம். எல்லா வெப்பமும் ஜன்னல் வழியே போனது. ஒரு பக்க ஜன்னலைச் சாக்கால் மறைத்துப் பார்த்தோம். ஊதுபத்தி கொளுத்தினால் புகை நின்றது. சாக்கை எடுத்துவிட்டோம். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொடுத்தோம். அரைமணிக்கு மேல் தாங்காது.

ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அந்த இன்னொரு டீச்சர் தன் வீட்டில் புது ஹீட்டர் வாங்கியிருந்தார். தை மாதத்தில் குடோனில் ஐந்து பேர் இருந்தார்கள். பாயின் மகன் இருந்தான். நோய் வந்த அந்தப் பையனும் இருந்தான். அவனை வேறு எங்கேயும் சேர்க்கவில்லை. அவன் அம்மா அந்த அம்மாவிடம் மட்டும் வந்து பேசினார், "இங்கதான் இவன யாரும் தள்ளி ஒக்காரச் சொல்லல" என்று. அவனுக்கு மாத்திரை முடிந்த அன்று எஸ்டேட்டிலிருந்து ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. அது சரிதான்.

அங்கன்வாடியில் மறுபடி ஜன்னல் சாத்திவிட்டார்கள். மேலதிகாரி வந்தபோது குழந்தைகள் குளிரில் நடுங்கியதாகப் புகாராம். அந்த அம்மா போய்க் கேட்டார், நானும் போனேன். "நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்று அங்கன்வாடி அம்மா கேட்டார். ஊதுபத்தியைக் கொளுத்தாமலே திரும்பினோம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளனே குடோனுக்கு வந்து மாடியைக் கழுவிவிட்டிருந்தார். நான் போனபோது ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"திருப்பூருக்குப் போறோம்" என்றார். "அவரு அங்க ரூம்பு பாத்துட்டாரு. எனக்கும் கம்பெனியில வேல இருக்காம்."

"அங்க ஜன்னல் இருக்கா?"

"என்னத்த ஜன்னலு. மூணு பக்கமும் செவரு. ஆனா அந்தக் காம்பராவுல இருக்க முடியல. அவ துணியெல்லாம் அங்கனயே கெடக்கு."

அந்த வார்த்தைக்கு அப்புறம் நான் கேட்க நினைத்ததெல்லாம் போய்விட்டது. போன் செய்யலாமா என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கு? வேணாம்." சேலையின் ஈரத்தைப் பிழிந்தார். "ஒன்னு செய்யுங்க. இனிமே புதுசா யாரு புள்ளையக் கொண்டாந்து விட்டாலும், மொதல்ல எம் மக கதையச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க, மிட்டாய் குடுக்க வந்தது வரைக்கும். கேட்டுட்டுச் சேத்தாச் சேக்கட்டும்."

"சொல்றேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெரசாப் போகணும்" என்று படியிறங்கினார். நான் மேலேயே நின்றேன். பஜாருக்குள் அவர் நடந்துபோவது கொஞ்ச தூரம் தெரிந்தது.

அதன்பிறகு இரண்டு ஜூன் மாதங்கள் போய்விட்டன. பிள்ளையைக் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கீழே பாய் கடையின் பெஞ்சில் உட்காரவைத்து, பிள்ளையும் கேட்கச் சொல்கிறேன். முதலில் என் குரல் நடுங்கும். இப்போது நடுங்குவதில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பாடம்போல ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தால், அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். போன வாரம் ஒருவர், நாயுடுபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர், மகளோடு வந்தார். ஹோட்டலில் சமையல் வேலை. முழுவதும் கேட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை, சொன்னீங்க" என்றார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அந்தப் பிள்ளை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

இப்போது ஏழு பேர் வருகிறார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. குழுவில் இன்று காலை ஒரு செய்தி இருந்தது, சலூன்காரர் போட்டது: பக்கத்து லாட்ஜில் வேலை பார்க்கிற ஒருவர் ஒரு மாதமாக இருமுகிறார், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறார், யாராவது கூட வரமுடியுமா. நான் வருகிறேன் என்று எழுதிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.